கென்ட்டாவின் கடைசிப் பந்து

சாலிகிராமம் எல்லையம்மன் குறுக்குத் தெருவில் குரல்கள் வந்து இறங்கிய செவ்வாய்க்கிழமை காலையில் முதலில் வாய் திறந்தவள் தனபாக்கியம். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, அந்தத் தெருவில் இழவோ கல்யாணமோ எது நடந்தாலும் முதலில் வாய் திறப்பவள் அவள்தான். தண்ணி லாரியில் பிடித்த குடத்தை இடுப்பில் ஏற்ற மூச்சைப் பிடித்தாள், "யம்மாடி" என்று வரவேண்டிய இடத்தில், மீசை முளைக்காத ஒரு பையனின் குரலில், அட்சர சுத்தமான அமெரிக்க ஆங்கிலத்தில், "நாட் யெட்! ஐ ஆம் நாட் டன் யெட்!" என்று வந்தது. குடத்தைக் கீழே வைத்தாள், முந்தானையால் வாயைத் துடைத்தாள், மறுபடி தூக்கினாள். "திஸ் ஆர்ம் பிலாங்ஸ் டு எவ்ரிஒன் ஹூ பிலீவ்ட் இன் மீ!" என்று இன்னும் கம்பீரமாக வந்தது. பின்னால் நின்றவர்கள், "அது கெடக்கட்டும், மொதல்ல கொடத்த நகத்து" என்றார்கள். தண்ணீர் லாரி ஆங்கிலத்துக்காகக் காத்திருக்காது.

மதியத்துக்குள் இஸ்திரிக்காரர் முனிரத்தினம் கரிப்பெட்டியைத் தூக்கும்போதெல்லாம் ஒரு முரட்டுப் பயிற்சியாளரின் குரலில் "உன் பயத்தை மேஜைக்கு அந்தப் பக்கம் அனுப்பு!" என்று ஆங்கிலத்தில் உறுமினார், சாயங்காலத்துக்குள் மாவு மெஷின்காரர், கறிக்கடைக்காரர், மாடிப்படி ஏறும் மூட்டுவலிக்காரர்கள், இறுகிப்போன ஊறுகாய் பாட்டிலைத் திறக்கப் பார்த்த புதுமருமகள் என்று ஒருவர் பாக்கியில்லாமல், உடம்பை வருத்தி எதையாவது செய்தால் வாயில் எந்த ஊர்ப் பிள்ளையோ அமெரிக்க ஆங்கிலம் பேசியது. சும்மா இருந்தால் ஒன்றும் வராது, கஷ்டப்பட்டால்தான் வரும். காரணம் என்னவென்று தெரு ரொம்பத் துருவவில்லை. தெருக்கோடி ஒலிப்பதிவுக்கூடத்தில் அன்று ரிப்பேருக்காக ஏ.சி.யைக் கழற்றி வைத்திருந்தார்கள், அந்த ஓட்டை வழியாக வந்திருக்கும் என்று பேசிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அந்தக் கூடத்தில்தான், மேஜைப் பந்தாட்டம் பற்றிய ஒரு ஜப்பான் கார்ட்டூன் தொடருக்கு மும்பைக் கம்பெனி ஒன்று ஆங்கிலக் குரல் ஏற்றியிருந்தது. பொதுக் குளியல்கூடம் நடத்துகிறவரின் மகன் கென்ட்டா, ஒடிசலான பையன், மாகாணப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை போகிற கதை. ஜப்பான்காரர்கள் பொறுமைசாலிகள், அடித்த பந்து வலையைத் தாண்டுவதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்வார்கள், அது அந்தரத்தில் நிற்கும்போதே பையன் தன் பிள்ளைப் பருவம், ஓடிப்போன அண்ணன், வாத்தியார் திட்டிய திட்டு எல்லாவற்றையும் நினைத்து முடித்து, அழுது, கண்ணைத் துடைத்து, மட்டையையும் தூக்கிவிடுவான். தொடர் முழுவதற்கும் குரல் கொடுத்து முடித்த பிறகு, வெளியிடப் போவதில்லை என்று கம்பெனி பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டது. ஏன் என்று கேட்டதற்கு 'ஸ்ட்ராட்டஜி' என்று பதில் வந்தது. பெரிய கம்பெனிகளில் அதற்குமேல் கேட்பது மரியாதை இல்லை.

கென்ட்டாவுக்குக் குரல் கொடுத்தவள் அந்தத் தெருவின் கடைசி வீட்டில் குடியிருந்த சகாயராணி. பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளோடு நொண்டி விளையாடி வளர்ந்தவள், அதனால் ஆங்கிலம் அவளுக்குப் பாடமாக வரவில்லை, விளையாட்டாக வந்தது. இருபது வருஷத்துக்கும் மேலாக சீரியல் மருமகள்களுக்கும் பேய்களுக்கும் சோப்பு விளம்பரக் குழந்தைகளுக்கும் பேசிப் பிழைத்தாள். கணவர் அந்தோணிசாமி சினிமாவில் லைட்மேனாக இருந்து முதுகைத் தொலைத்து வீட்டோடு வந்த பிறகு, அவள் தொண்டைதான் அடுப்பு எரித்தது. கென்ட்டா மட்டும் அவளுக்கு வேறு. பொய்யாக முக்கினால் பொய்யாகத்தான் கேட்கும் என்று அவள் வீட்டு ஆட்டுக்கல் குழவியைக் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், மைக் முன்னால் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டுதான் பேசினாள். அதைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொரு முறை குழவி சுமந்து பேசினார்கள். கஷ்டத்தில் பிறந்த குரல் கஷ்டத்தில்தானே திரும்ப வரும் என்று பிற்பாடு தெருவில் சிலர் சொன்னது ஒருவேளை சரியாகவும் இருக்கலாம்.

அப்படிப் பேசியதை யாரிடமும் சொல்லக் கூடாது. பேசியது இன்னார் என்று வெளியே தெரிந்தால் பிறகு எந்த ஸ்டுடியோ வாசலையும் மிதிக்க முடியாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஆகவே செவ்வாய்க்கிழமை அவள் காலிக் குடத்தோடு வரிசையில் நின்று, தனபாக்கியத்தின் வாயிலிருந்து தன் குரல் வருவதைக் கேட்டாள். வயிறு குளிர்ந்தது. பெற்ற பிள்ளையை ஊரான் இடுப்பில் பார்த்த மாதிரியும் இருந்தது. அவள் குடத்தைத் தூக்கியபோது ஒன்றும் வரவில்லை. கூடத்து மைக்கில் பேசியவர்களை மட்டும் விட்டுவிட்டுத்தான் குரல்கள் தெருவெங்கும் இறங்கியிருந்தன.

"இன்னா கொரலு பாத்தியாக்கா!" என்றாள் தனபாக்கியம். "எந்த நாட்டுப் புள்ளையோ."

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தும் பத்மாவதி மிஸ் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள். "இது சொல்லிக் குடுத்து வர்ற இங்கிலீஷ் இல்ல. பொறவியிலேயே வரணும். நம்ம ஆளுங்க நாலு ஜென்மம் எடுத்தாலும் இந்த உச்சரிப்பு வராது."

"ஆமா, வராது," என்றாள் சகாயராணி.

வீட்டுக்கு வந்து குடத்தை வைத்த வேகத்தில் பாதித் தண்ணீர் தரையில் சிந்தியது. அந்தோணிசாமி கட்டிலில் படுத்தபடி பார்த்தார். "சொல்லிடேன் ராணி. வாய் உன்னுது."

"வாய் என்னுதுங்க. சோறு அவங்க போடுறது."

"அதுவும் சரிதான்," என்று புரண்டு படுக்கப் போனார், முதுகு பிடித்தது, அவருக்குள் இறங்கியிருந்த ஆட்ட நடுவர், "டைம் அவுட்!" என்று கூவினார்.

தெரு அந்த அதிசயத்தை ரசம் சாதம் மாதிரி பிசைந்து சாப்பிட்டுவிட்டது. சம்பளம் கட்டி ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பியும் "எஸ் மிஸ்" தாண்டாத பிள்ளைகளின் முதுகில் பெற்றவர்கள் அரிசி மூட்டையை ஏற்றிவிட்டு, வாயிலிருந்து கொட்டும் ஆங்கிலத்தைக் கேட்டுக் கண் கலங்கினார்கள். கால் சென்டர் நேர்முகத்துக்குப் போன பட்டதாரி ஒருவன் கேஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்தபடி போனான், எல்லாக் கேள்விக்கும் "என் தோல்விகள்தான் என் சர்வீஸ்!" என்றே பதில் சொன்னான், வேலையும் கிடைத்தது. அமெரிக்க மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தால் பாடச் சொல்வதை விட்டுவிட்டு கிரைண்டரை நகர்த்தச் சொன்னார்கள். எல்லையம்மன் கோயில் தேர் வடம் பிடித்த அன்று தெரு மொத்தமும் ஒரே குரலில் "ஒன் மோர் பாயின்ட்!" என்று முழங்க, பூசாரி கற்பூரத் தட்டோடு ஒரு கணம் தயங்கி, அதுவும் அம்மனுக்குத்தானே என்று சுற்றிக் காட்டினார்.

நாளாக ஆக, துண்டு துண்டாக வந்த வசனங்களைத் தெரு கோத்துப் பார்க்க ஆரம்பித்தது. லாரி வந்ததும் யார் எந்த எபிசோடு என்று பார்த்து வரிசையாகக் குடம் தூக்க வைப்பார்கள், பத்மாவதி மிஸ் தமிழில் சொல்வாள். கென்ட்டாவின் அண்ணன் ஓடிப்போன இடத்தில் கறிக்கடைக்காரர் அழுதார். சில வாரங்களில் ஒரு விசித்திரம் நடந்தது. மிஸ் மொழிபெயர்ப்பதற்கு முன்பே ஜனங்கள் சிரித்தார்கள், முன்பே அழுதார்கள். "இருங்க, நான் இன்னும் சொல்லவே இல்ல" என்று மிஸ் கோபித்துக்கொள்வாள். கடைசியில் இறுதி ஆட்டத்தின் கடைசிப் புள்ளி வரை வந்துவிட்டார்கள். இருவரும் சமம். பந்தை எதிராளி அடித்தாயிற்று, வலைக்கு மேல் நிற்கிறது. அதோடு நின்றது. கடைசி எபிசோடு யாரிடமும் இல்லை.

தெருவே தூக்கிப் பார்த்தது, இழுத்துப் பார்த்தது, தள்ளிப் பார்த்தது. வரவில்லை. சகாயராணிக்குத்தான் அந்த வேதனை அதிகம். அந்தக் கடைசி எபிசோடு அவள் ஆயுசிலேயே நன்றாகப் பேசியது. குழவியைக் கீழே வைக்காமல், ஒரே மூச்சில், இடையில் ஒருமுறைகூட நிறுத்தாமல் பேசி முடித்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சவுண்ட் இன்ஜினியர் எழுந்து நின்றுவிட்டார். அவரைத் தவிர அதை யாரும் கேட்டதில்லை, அவளே கேட்டதில்லை. ஒருதரம் காதால் கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது.

யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவைப்படவில்லை. யாரும் கவனிக்காத சகாயராணியை விட்டால், தெருவில் இதுவரை ஆங்கிலம் பேசாத ஆள் ஒருவர்தான்: குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர் சபாநாயகம். குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பார்கள். அவர் அப்பா விட்டுப்போன நான்கு போர்ஷன் வீட்டுக்கு மட்டும் இன்னும் ஒன்றும் ஆகவில்லை. வாசலில் போட்ட சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். கொட்டாவி வந்தால் பாதியில் நிறுத்தி மீதியை நாளைக்கு வைத்துக்கொள்வார். அவர் தலைவரானதே, சங்கத்தின் முதல் கூட்டத்தில் தெரியாமல் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவரை யாராலும் எழுப்ப முடியாமல் போனதால்தான்.

அவரை வேலை செய்ய வைக்கத் தெரு படாத பாடு பட்டது. மாங்காய் ஊறுகாய் பாட்டிலை இறுக்க மூடி நீட்டினார்கள். ஊறுகாய் உடம்புக்கு ஆகாது என்றார். நாற்காலிக்கு அடியில் கட்டெறும்பு விட்டார்கள். அதுவாகவே போகும் என்றார், போயிற்று. அவருடைய வீட்டுத் தண்ணி கேனை உள்ளே வைக்கிறவனை வரவிடாமல் தடுத்தார்கள். கேன் வாசலிலேயே நின்றது, அவர் தாகத்தை நிறுத்திக்கொண்டார்.

இந்தச் சமயத்தில் கம்பெனியிலிருந்து பிரணவ் என்ற இளைஞன் வந்தான். கம்ப்ளையன்ஸ் மேனேஜர், அதாவது கம்பெனி விதிகளைக் காவல் காக்கிறவன். வெளியிடாத குரல்கள் கம்பெனியின் சொத்து, தெரு அவற்றை அனுமதியில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது என்று நோட்டீஸ் ஒட்டினான். ஒரு கருப்புப் பெட்டி கொண்டு வந்திருந்தான். அதன் முன்னால் எதையாவது தூக்கினால் குரல் சத்தமே இல்லாமல் பெட்டிக்குள் போய்விடும், பிறகு மும்பையில் அழித்துவிடுவார்கள். வீடு வீடாக வந்தான். போன வீடுகளில் குடம் தூக்கினால் பழையபடி "யம்மாடி" வந்தது. தனபாக்கியம் இரண்டு நாள் சாப்பிடவில்லை. சபாநாயகம் வீடும் சகாயராணி வீடும் கடைசி, மறுநாள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று மத்தியானம் சகாயராணி சபாநாயகத்தின் வாசலில் போய் நின்றாள். தெரு உண்ட மயக்கத்தில் இருந்தது.

"அண்ணே, ஒரு உபகாரம். நாளைக்கு அந்தப் பையன் பெட்டியைத் திறக்கறதுக்கு முன்னாடி, ஏதாவது ஒண்ணை, ஒரே ஒருதரம் தூக்கிடுங்க."

"உனக்கு எதுக்கும்மா?"

"தெருவுக்கே ஆசைண்ணே. கதை முடிவு தெரியணும்ல."

"தெருவை வுடு. உனக்கு எதுக்கு?"

சபாநாயகம் கண்ணை மட்டும் திருப்பினார். அதற்கே அவருக்குக் களைப்பாக இருந்தது.

"ராணி, நாள் பூரா சும்மா கெடக்கறவனுக்குக் காது நல்லா கேக்கும். நாலு மாசம் நீ கட்டைப் பையைத் தூக்க முடியாம தூக்கினு இந்த வாசலைத் தாண்டிப் போன. போறப்ப வாய்க்குள்ள முனகிக்கினே போவ. அந்த வசனத்தைத்தான் இப்ப ஊரே பேசுது. தனபாக்கியம் பேசினப்பவே எனக்குத் தெரியும். எந்திரிச்சி வந்து சொல்ல சோம்பலா இருந்துச்சு."

"அண்ணே, வெளியே தெரிஞ்சா என் பொழப்பு போயிடும்."

"தெரியுது. இதப் பாரு, நான் பொறந்ததுலேர்ந்து ஒரு வேலையும் தனியா செஞ்சதில்ல, இனியும் செய்யறதா இல்ல. நான் தூக்கறேன். ஆனா யாரு கொரலுன்னு எவனாவது கேட்டா நீ சொல்லணும். கஷ்டம் ஆளுக்குப் பாதி. ஒத்துக்கினா சரி, இல்லன்னா என்னை எழுப்பாத."

அவள் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அன்று வடித்த சோற்றில் இரண்டுமுறை உப்புப் போட்டாள்.

மறுநாள் காலை பிரணவ் வந்தபோது தெரு மொத்தமும் சபாநாயகம் வாசலில் நின்றது. பெட்டியின் வயரை அவர் வீட்டுப் பிளக்கில் சொருகி, பச்சை விளக்கு எரிந்து, "சார், ரெடி, இந்தக் கேனையே லிஃப்ட் பண்ணிடுங்க" என்று அவன் சொன்ன நொடியில், பக்கச் சந்திலிருந்து "டைம் அவுட்!" என்று ஒரு சத்தம் கேட்டது, விளக்கு அணைந்தது. சந்தில் அந்தோணிசாமி, சினிமாவில் கற்ற வித்தை வீண் போகாமல், ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, முதுகைப் பிடித்தபடி ஆகாயத்தைப் பார்த்து நின்றார்.

சபாநாயகம் எழுந்தார். அவர் எழுந்து நின்றதைப் பார்த்திராத பிள்ளைகள் அவர் இவ்வளவு உயரமா என்று பயந்தார்கள். குனிந்து, தண்ணீர் நிறைந்த கேனின் கழுத்தைப் பிடித்தார், மூச்சைப் பிடித்தார், தூக்கினார்.

வந்தது. கேன் முழங்காலுக்கு வந்தபோது பந்து வலையைத் தாண்டியது, தாண்டும்போதே கென்ட்டா பேசினான்: அப்பாவின் குளியல்கூடத்தில் ஆவிக்கு நடுவே சுவரில் பந்தடித்துப் பழகியதை, அண்ணன் போகிற அன்று அவனுடைய மட்டையைத் தன் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனதை, தன்னை யாரும் பார்க்காதபோதுதான் தான் நன்றாக ஆடினோம் என்பதை, பார்ப்பதற்கு ஒருவர்கூட இல்லாமல் ஒருவன் எத்தனை வருஷம் ஆடிக்கொண்டே இருக்க முடியும் என்பதை, கேன் இடுப்புக்கு ஏறியது, சபாநாயகத்தின் கழுத்து நரம்பு புடைத்தது, வேர்வை ஊற்றியது, குரல் மட்டும் நடுங்கவே இல்லை, ஏறிக்கொண்டே போயிற்று, கிழிகிற இடத்தில் கிழிந்தது, அடங்குகிற இடத்தில் அடங்கியது, பத்மாவதி மிஸ் மொழிபெயர்க்க மறந்துபோனாள், யாரும் கேட்கவும் இல்லை, கேன் தோளுக்கு வந்தது, கென்ட்டா மட்டையை வீசினான், பந்து மேஜையின் விளிம்புக்கு ஒரு மயிரிழை வெளியே போய் விழுந்தது. தோற்றுவிட்டான். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு சின்னதாக, பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்வது போல, "இன்னொரு ஆட்டம் ஆடலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு அந்தக் குரல் தீர்ந்துபோனது.

கேன் கீழே விழுந்து தண்ணீர் எல்லோர் காலையும் நனைத்தது. சகாயராணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நன்றாகத்தான் பேசியிருந்தாள். அவள் நினைத்ததைவிட நன்றாக.

கைதட்டல் கிளம்பியது. எல்லோரும் சபாநாயகத்தைப் பார்த்துத் தட்டினார்கள். "தலைவரே! என்னா பேச்சு!" என்று கறிக்கடைக்காரர் அவரைக் கட்டிப்பிடித்தார். இத்தனை வருஷத்தில் சகாயராணிக்கு இது புதிதல்ல. வாயசைத்த முகத்துக்குத்தான் எப்போதும் மாலை விழும்.

பிரணவ் முகம் வெளுத்துப்போய் நின்றான். "சார், இது பெரிய லீக், வாய்ஸ் வெளிய கசிஞ்சிடுச்சு. நான் ரிப்போர்ட் பண்ணியாகணும். கையெழுத்து வாங்கின பேப்பர் ஸ்டுடியோவோட போச்சு, என் லிஸ்ட்ல ஆர்ட்டிஸ்ட் நம்பர்தான் இருக்கு, பேர் இல்ல. இது யாரோட வாய்ஸ்? யாருக்காவது தெரியுமா?"

"எவனோ ஒரு அமெரிக்கன்ப்பா," என்றாள் பத்மாவதி மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "கேட்டாலே தெரியல?"

சபாநாயகம் மூச்சு வாங்க நாற்காலியில் சரிந்திருந்தார். அவர் பேசவில்லை, கையை நீட்டிக் காட்டவும் இல்லை. தன் பாதியை முடித்துவிட்ட நிம்மதியோடு சகாயராணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னோடது," என்றாள் அவள். மருமகளின் குரலும் இல்லை, பேயின் குரலும் இல்லை, கொஞ்சம் கரகரப்பான ஒரு பெரம்பூர்க் குரல். தெருவில் பலர் அதை அன்றுதான் சரியாகக் கேட்டார்கள்.

"மேடம், யோசிச்சுச் சொல்லுங்க. இதை நான் எழுதிட்டா அப்புறம் எந்த ஸ்டுடியோவிலயும் உங்களை..."

"யோசிச்சுதான் தம்பி சொல்றேன். கென்ட்டா நான்தான். பேரு சகாயராணி. எழுதிக்குங்க."

பத்மாவதி மிஸ் கிட்டே வந்து அவள் உதட்டையே பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தனபாக்கியம் வந்தாள். அவளுக்கு ஆங்கிலத்தில் ஆனா ஆவன்னாகூடத் தெரியாது.

"யக்கா, அடுத்த வருசம் அவன் ஜெயிப்பானா?"

"ஜெயிப்பான். அந்தக் கதையும் ஜப்பான்ல வந்திருக்கு," என்றாள் சகாயராணி. சிரித்துக்கொண்டே சொல்லத்தான் நினைத்தாள், அழுகை வந்துவிட்டது. "ஆனா அதுக்கு இனிமே வேற யாராவதுதான் பேசுவாங்க."

தனபாக்கியம் பதறிப்போனாள்.

"வேற யாராவது இங்கிலீசுல பேசினா எங்களுக்கு எப்படிக்கா புரியும்?"